பாம்பன் பிள்ளை டிவி செய்திக்குப் போக எந்த வழி?

போன வாரம் பாம்பனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், அதனால் மச்சானும் வீட்டில்தான் இருந்தார். அக்கா மகள் காட்சித் தொடர்பியல் படித்து முடித்தவள். சாப்பிட்டுக் கை கழுவியதும் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு சேனலில் ராமேஸ்வரம் பகுதிக்கு ஸ்டிரிங்கர், அதாவது சம்பளமில்லாமல் செய்திக்குச் செய்தி காசு வாங்கும் செய்தியாளர், தேடுகிறார்கள். சென்னையில் இன்னொரு சேனலின் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் தேர்ந்து எழுதும் பிரிவில், பயிற்சி உதவி ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலையில் சேர வேண்டும். ஓராண்டு இதழியல் படிப்புக்கும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். தோழிகளோ யூடியூப் சேனல் தொடங்கலாம் என்கிறார்கள். "மாமா, நீங்க சொல்லுங்க, இதுல எது?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடம் இந்தக் கரையில் ஸ்டிரிங்கராக இருந்தேன். பிறகு ஐந்து வருடம் சென்னையில் டெஸ்க். இப்போது ராமநாதபுரத்தில் மாவட்டச் செய்தியாளர். நான் போன வழியையே நல்ல வழி என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம் இருந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் தொண்டியிலும் இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவட்டும்.

முதலில் ஸ்டிரிங்கர் வேலை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மாவட்டச் செய்தியாளர் என்பவர் சம்பளக்காரர். மாவட்டத் தலைநகரில் இருப்பார், பெரும்பாலும் கூடவே ஒரு ஒளிப்பதிவாளர் இருப்பார். ஸ்டிரிங்கர் அப்படியில்லை. ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர். அனுப்பிய செய்தி ஒளிபரப்பானால் காசு, ஆகாவிட்டால் இல்லை. கேமரா நம்முடையது, பைக் நம்முடையது, பெட்ரோலும் நம்முடையது. மைக்கில் மாட்டும் லோகோ மட்டும் சேனலுடையது. நான் வேலை பார்த்த சேனலில் மாதக் கடைசியில் எந்தெந்தச் செய்தி வந்தது என்று நாமே கணக்கு எழுதி பில் அனுப்ப வேண்டும். அது வந்து சேர மூன்று மாதமும் ஆகும். தீபாவளி வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடு என்பார்கள். காலையில் யாரைப் பற்றிப் புகார்ச் செய்தி போட்டோமோ, சாயங்காலம் அவர் கடைக்கே விளம்பரம் கேட்டுப் போய் நிற்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தை என்னால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இந்தக் கரை கற்றுக்கொடுப்பதை எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காது. எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மா நகர் வரை சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சத்தீவு, சர்வதேசக் கடல் எல்லை, மண்டபம் அகதிகள் முகாம், தீவுகளைக் காக்கும் வனத்துறை, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று நள்ளிரவு இரண்டு மணிக்கு போன் வரும். எத்தனை படகு, எத்தனை பேர், எந்தத் துறை, பிடித்துக்கொண்டு போனது எங்கே, காங்கேசன்துறையா தலைமன்னாரா என்று விடிவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கடலுக்குப் போகும் படகுக்கு அனுமதி டோக்கன் எழுதுகிறவர், படகு உரிமையாளர், சங்கத் தலைவர், கரைக்கு வந்த அடுத்த படகின் டிரைவர் என்று நாலு பேர் நம்மை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு மாதத்தில் வந்துவிடாது.

ஊரில் இருக்கும் செய்தியாளருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் ஏர்வாடியைத்தான் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆனால் சங்கிலி அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. அந்தப் பக்கம் போய் வந்த எல்லோரும் பார்த்ததுதான். பார்த்தது செய்தியாக 28 உயிர் போக வேண்டியிருந்தது. தீ பிடிப்பதற்கு முன்பே அதைச் செய்தியாக்கக்கூடிய ஆள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். ஸ்டிரிங்கர் வேலையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

சரி, அந்த மதிப்பைச் சேனல் தருகிறதா? 2015 ஜூலையில் அப்துல் கலாம் மறைந்து பேய்க்கரும்பில் அடக்கம் நடந்தபோது எல்லாச் சேனலின் நேரலை ஓ.பி. வேன்களும் இங்கே வந்து நின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, வண்டியிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை வாங்கி விநியோகிக்க உதவிய சிறுவன் அவர். அவருக்கு விடை கொடுக்கும் செய்தியை நாங்கள் தருவோம் என்று நினைத்திருந்தோம். சென்னையிலிருந்து செய்தியாளர்கள் வந்து இறங்கினார்கள். லைவில் அவர்கள் நின்றார்கள். நாங்கள் வழி காட்டினோம், அறை பிடித்துக் கொடுத்தோம், யாரிடம் பைட் (கேமராவில் பேசும் கருத்து) வாங்கலாம் என்று சொன்னோம். வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெரிய செய்தி நடக்கும் நாளில் ஸ்டிரிங்கரின் இடம் எது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

என்னைச் சென்னைக்கு விரட்டியது வேறொரு சம்பவம். ஒரு வடகிழக்குப் பருவமழையில் பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். பலத்த காற்றோடு மோசமான வானிலை துறைமுகத்தைப் பாதிக்கலாம் என்பது அதன் பொருள். 1 முதல் 11 வரை உள்ள எண்களில் 3 என்பது புயல் கரையைக் கடக்கிறது என்ற அறிவிப்பு இல்லை. இது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சரியாகத்தான் எழுதி அனுப்பினேன். டெஸ்க்கில் அதை "பாம்பனை நெருங்கும் புயல்" என்று பிரேக்கிங் போட்டுவிட்டார்கள். துபாயிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்கு போன் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி துணி மூட்டையோடு வந்து, "எங்கய்யா போகணும்?" என்று என்னிடமே கேட்டார். டெஸ்க்குக்கு நான்கு முறை பேசினேன். மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. செய்தி நம்முடையதுதான், ஆனால் அதன் வார்த்தை சென்னையில் யாரோ ஒருவர் கையில் இருந்தது.

அதனால் டெஸ்க்குக்குப் போனேன்.

டெஸ்க் வேலையை இங்கே யாரும் மதிப்பதில்லை. "டிவியில் முகம் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி, தெரியாது என்றால் அக்காவுக்கே முகம் வாடிவிடும். ஆனால் ஒரு செய்தி பிறப்பது அங்கேதான். மாவட்டங்களிலிருந்து வந்து குவிகிற விஷுவலில் எது புல்லட்டினுக்குப் போகும், எது கீழே ஓடும் ஸ்க்ரோலோடு நிற்கும், எது போகவே போகாது என்று முடிவாகிற இடம் அது. கையில் இருக்கும் காட்சிக்கு எழுதுவது, முப்பது நொடியில் சொல்வது, கேட்டவுடன் புரிகிற வாக்கியம் எழுதுவது, பைட்டில் எந்த இடத்தில் வெட்டினால் பேசியவரின் பொருள் மாறாது என்று பார்ப்பது எல்லாம் அங்கே தினமும் நடக்கும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை ஏன் எந்த வகையிலும் காட்டக் கூடாது, சிறார் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கில் பள்ளியின் பெயர்ப் பலகைகூட ஏன் வரக் கூடாது என்று சட்டத்தோடு சொல்லிக்கொடுத்தது எனக்கு டெஸ்க்தான். ஒன்பது வருடம் களத்தில் இருந்தவன் நான், இதை முழுதாக அறிந்ததே அங்கேதான்.

கடற்கரைப் பிள்ளை டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில், இலங்கையில் பொருளாதாரம் சரிந்த நேரம், தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் குழந்தைகளோடு தமிழர்கள் இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. "திட்டுன்னா தீவா? எந்தத் தீவு, பெயர் போடணுமே" என்று டெஸ்க்கில் கேட்டார்கள். அது தீவு இல்லை, ஆதாம் பாலத்து மணல் மேடு, தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, காற்றும் நீரோட்டமும் மாறினால் இடமே மாறும் என்று சொன்னேன். அதன் பிறகு செய்தி எழுதிய விதமே வேறாக இருந்தது. "அகதிகள் வருகை" என்று முடிய வேண்டிய வரி, வெயிலில் தண்ணீரின்றிக் காத்திருந்தவர்களின் கதையானது. இன்றைக்கும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எல்லாவற்றையும் சேர்த்து "ராமேஸ்வரம் மீனவர்கள் கைது" என்று ஒரே வரியில் முடிப்பதைப் பார்க்கிறோம். விசைப்படகா நாட்டுப்படகா என்று கேட்கத் தெரிந்த ஒரு ஆள் உள்ளே இருந்தால் அந்த வரி மாறும். இரண்டுக்கும் பிழைப்பு வேறு, கடலுக்குப் போகும் நாள்கூட வேறு.

குறைகளும் உண்டு. இரவு ஷிப்ட் உடம்பைக் கெடுக்கும். சென்னை வாடகை ஆரம்பச் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஊர்க் கடல் மறந்துபோகும் அபாயமும் இருக்கிறது, இரண்டு வருடத்தில் நானே பழைய ஆட்களின் எண்களை இழந்திருந்தேன். ஒன்று கவனிக்க வேண்டும்: 2000-ல் சன் நியூஸ் வந்தபோது தமிழில் முழுநேரச் செய்திச் சேனல் என்பதே புதிது. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி, 2014-ல் நியூஸ்7, 2016-ல் நியூஸ்18 என்று வரிசையாக வந்த அந்த ஐந்தாறு வருடம் ஆட்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். இப்போது அந்த வேகம் இல்லை. டெஸ்க்கில் சேருகிறவர் டிவிக்கு எழுதுவதோடு செல்போனில் பார்ப்பவருக்கும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தரமணியில் இருக்கும் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000-லிருந்து சென்னையில் இயங்குகிறது. ஓராண்டில் நிறைய செய்ய வைப்பார்கள், ஆனால் ஆங்கிலம் கைவர வேண்டும், கட்டணமும் நம் வீடுகளுக்குப் பெரிது. உதவித்தொகையைக் கேட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2025-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களிலும் படிப்புகள் உண்டு. ஏற்கெனவே காட்சித் தொடர்பியல் முடித்தவள், கையில் வேலையும் வைத்திருக்கிறவள், இன்னொரு வருடம் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேறு பாடம் படித்தவளாக இருந்தால் படிப்பையே முதலில் வைப்பேன். கல்லூரியில் இருக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றில் சேர்ந்துவிடுவது இதைவிட மேல், அவளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

அரசு ஊடகத்தையும் சிலர் கேட்பார்கள். ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் மாவட்டங்களில் பகுதிநேரச் செய்தியாளர்களை ஒப்பந்தத்தில் எடுப்பதுண்டு. மாவட்டத் தலைநகரிலோ பக்கத்திலோ குடியிருக்க வேண்டும் என்பார்கள். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

யூடியூப்பை நான் மட்டம் தட்ட மாட்டேன். யாருடைய அனுமதியும் இல்லாமல் பேசலாம், கூண்டு எண்ணை யாரும் மாற்றிப் போட முடியாது. ஆனால் தனியாக நிற்கிறவருக்கு எழுதியதை இன்னொரு முறை பார்க்கும் கண் இல்லை. மணல் கடத்தலைப் பற்றியோ கடலட்டைக் கடத்தலைப் பற்றியோ போட்டுவிட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால் பின்னால் நிற்க நிறுவனம் இல்லை. தடை செய்யப்பட்ட கடலட்டையை யார் எடுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும், வீடியோ போட்ட பெண்ணின் வீடும் ஊருக்கே தெரியும். அப்புறம், வருமானத்தை நம்பி இறங்கினால் மெல்ல மெல்லத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வெயிலிலும் மீன் குழம்பிலும்தான் போய் முடியும், பார்வைகள் அங்கேதான் வருகின்றன. பயிற்சிக்காக வைத்துக்கொள்ளலாம், பிழைப்பாக இப்போது வேண்டாம். பேசிப் பழக வேண்டுமென்றால் அவள் ஊரிலேயே கடல் ஓசை 90.4 இருக்கிறது. மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கிய சமுதாய வானொலி. கேட்கிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் காற்றின் திசையைத் தவறாகச் சொன்னால் அன்றைக்கே திருத்திவிடுவார்கள்.

செய்தி வாசிப்பாளர் ஆசை அக்காவுக்கு. குரலும் உச்சரிப்பும் மகளுக்கு நன்றாகவே இருக்கின்றன, எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு ழகரம் வராது என்று சொல்கிறவர்கள் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். ஆனால் டெலிபிராம்ப்டரைப் பார்த்து வாசிப்பதோடு தொடங்கினால் அதிலேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. களத்திலோ டெஸ்க்கிலோ இருந்துவிட்டு வாசிக்க வருகிறவர், லைவில் திடீரென்று ஒரு தகவல் காதில் விழும்போது என்ன கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பார். அந்த நாற்காலிக்குப் பிறகு போகட்டும்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழ், செய்தி நிறுவன ஊழியர்களுக்கானது, டிவிக்காரர்கள் அதற்குள் வரவில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகத்தில் வேலை செய்கிறவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அது வரவேற்க வேண்டியது. ஆனால் பணி நியமனக் கடிதம் கையில் இல்லாத ஸ்டிரிங்கருக்கு எந்தச் சட்டமும் எளிதில் கைகொடுக்காது. சென்னை வேலையில் சேரும் முன் நியமனக் கடிதம், பி.எஃப்., பயிற்சிக் காலம் எத்தனை மாதம், இரவு ஷிப்ட்டுக்கு வண்டி அனுப்புவார்களா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்டதற்காக வேலையில்லை என்று சொல்கிற இடம் சேரத் தகுந்த இடம் இல்லை.

என் முடிவு இது: டெஸ்க். மூன்று வருடம். இரண்டாவது வருடத்திலேயே களத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவது வருட முடிவில் மாவட்டச் செய்தியாளராக இந்தக் கரைக்குத் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்டிரிங்கராகத் தொடங்குவது எனக்கு முடிந்தது, அப்பாவுக்குக் கடை இருந்தது, பெட்ரோலுக்கு வீட்டில் காசு வாங்கினேன். மச்சான் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண், வருமா வராதா என்று தெரியாத பில்லை நம்பி வேலைக்குப் போகக் கூடாது. வீட்டில் நிலையான வருமானம் இருந்து, ஊரைவிட்டுப் போக முடியாத காரணமும் இருந்தால், அப்போது ஸ்டிரிங்கர் வேலையை இரண்டு வருடக் கெடு வைத்து எடுக்கலாம். கெடு இல்லாமல் எடுத்தால் என்னைப் போல ஒன்பது வருடம் ஓடிவிடும்.

அவள் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஊரே போராட்டத்தில் உட்கார்ந்தது. நாங்கள் எல்லோரும் ஆண்கள். தலைவர்களிடம் பைட் வாங்கினோம். பெண்களிடம் அழுகையை மட்டும் படம் எடுத்தோம். அவர்கள் பந்தலுக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்ததை, கடனைப் பற்றியும் அடுத்த மாதத்தைப் பற்றியும், எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்து மாதத்தில் இத்தனை நாள்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த அவர்களில் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. விருதுக்குப் பிறகுதான் மைக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனோம். அந்தப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கும்போது காதில் என்ன வலி வருகிறது, வனத்துறை ஆட்களைப் பார்த்தால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் என்னிடம் சொல்ல மாட்டார்கள், அவளிடம் சொல்வார்கள். அவளுடைய அப்பாயி பாசிக்குப் போனவர்.

அக்காவுக்கு இரவு வேலை பயம். நியாயமான பயம்தான். விடுதி, ஷிப்ட் வண்டி இரண்டும் உறுதியான பிறகே பெட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். எழும்பூரிலிருந்து ஒரு இரவு ரயில், பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து வண்டி மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது. நான் டெஸ்க்கில் இருந்த கடைசி நாள்களில்கூடப் பழைய பாலத்தில் எப்போது ரயில் நிற்கும் என்ற கவலை இருந்தது. அவளுக்கு அது இருக்காது.

ஜூலைக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைப் போனில் சொல்லிவிட்டேன். ஜூன் 14 இரவோடு தடைக்காலம் முடிகிறது. மறுநாள் காலை ராமேஸ்வரம் துறைமுகத்தில் டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். கேமரா வேண்டாம், நோட்டு போதும். எத்தனை படகு போகிறது, ஐஸ் என்ன விலை, டீசல் யார் கடனில் ஏறியது, போகாமல் கரையில் நிற்கும் படகு எது, ஏன் நிற்கிறது என்று விசாரித்து, முப்பது நொடியில் வாசிக்கிற மாதிரி எழுதிக் காட்ட வேண்டும். "அப்பாவோட படகையும் சேர்த்தா, மாமா?" என்று கேட்டாள். சேர்த்துத்தான் என்றேன்.